நீரில் மறைந்த உலோகமும் அதைக் காணும் கருவிகளும்

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தொடர்ந்து அமைந்துள்ள ஊர்களில், தோல் பதனிடுவது பல தலைமுறைகளாக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக இருந்துவருகிறது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் வாரக்கணக்கில் கிடந்து பதமான தோல், குரோமிய உப்பு வழக்கத்துக்கு வந்த பிறகு, சுழலும் பெரிய டிரம்முக்குள் ஒரே நாள் பொழுதில் பதமாகி, இளநீல நிறத்தோடு வெளியே வருகிறது. அதைத் தொழிலில் உள்ளவர்கள் 'வெட் புளூ' என்கிறார்கள். ஆனால் டிரம்மில் இட்ட குரோமியம் முழுவதையும் தோல் ஏற்றுக்கொள்வதில்லை. சாதாரண முறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகிறது. அந்த நீரை அளந்து பார்த்தால் லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேலும் குரோமியம் இருக்கும். ஆற்றிலும் ஏரியிலும் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கலாகாது என்பது இந்தியச் சட்டம். டிரம்முக்கும் ஆற்றுக்கும் இடையே ஆயிரம் இரண்டாகக் குறைந்ததா என்பதை அறிந்து சொல்லுவது யார், எதைக் கொண்டு, எந்த நேரத்தில் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

சாக்கடை நீரின் அசுத்தங்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் அழியக்கூடியவை. அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. ஓடுகிற ஆறு ஓரளவுக்குத் தன்னைத் தானே சுத்தி செய்துகொள்ளவும் வல்லது. உலோகத்துக்கு அந்த விமோசனம் கிடையாது. ஈயம் என்றைக்கும் ஈயமே. காட்மியம் என்றைக்கும் காட்மியமே. அவை நீரிலிருந்து வண்டலுக்கும், வண்டலிலிருந்து பயிருக்கும் மீனுக்கும், அங்கிருந்து மனித தேகத்துக்கும் இடம் மாறுகின்றனவேயன்றி இல்லாமற் போவதில்லை. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை விட்ட பாதரசம், மீன்களின் உடலில் சேர்ந்து, அவற்றை உண்ட செம்படவர் குடும்பங்களின் நரம்புகளைச் சிதைத்தது 1956இல்தான் ஒரு நோயாக அடையாளம் காணப்பட்டது. கழிவை விடுவதோ அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னரே தொடங்கியிருந்தது. அதே நாட்டில் ஜின்சு நதியின் நீரைப் பாய்ச்சிய வயல்களில், மேலே இருந்த சுரங்கத்தின் காட்மியம் நெல்லில் ஏறி, எலும்புகளை நொறுங்கச் செய்யும் கொடிய வியாதியை உண்டாக்கிற்று. இவ்விரு விபத்துக்களிலும் நீரைக் கண்ணால் பார்த்து எவரும் அபாயத்தை அறியவில்லை. அதில் உலோகம் இருப்பதை முதலில் அறிவித்தவை நோயுற்ற உடல்களே. மனித உடலே அபாயத்தை அறியும் கருவியாகிவிடுவதைக் காட்டிலும் ஒரு சமுதாயத்துக்கு நேரக்கூடிய பெரிய அவமானம் வேறொன்றில்லை.

கரைந்த உலோகத்தைக் கண்ணால் காண முடியாமைக்குக் காரணம் அதன் சூக்ஷ்மமான அளவு. உலோக அணு சில எலெக்ட்ரான்களை இழந்து, மின்னூட்டம் பெற்று, நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டு, அயனியாக மிதக்கிறது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனமும் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் வரம்பு வகுத்திருக்கின்றன. ஓர் அரிசிமணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். அந்த எடையுள்ள ஈயம் கரைந்தால் 2,000 லிட்டர் நீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். இவ்வளவு சொற்பமான ஒன்றை, உப்பும் கொழுப்பும் சுண்ணாம்பும் சாயமும் ஆயிரம் மடங்கு கூடுதலாகக் கலந்துள்ள கழிவுநீரில் தேடிப் பிடிக்கவேண்டும்.

சிக்கல் இன்னும் ஆழமானது. எந்த உலோகம் என்று கேட்டால் மட்டும் போதாது. அது எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்கவேண்டும். குரோமியத்தையே எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று எலெக்ட்ரான்களை இழந்த குரோமியம். அதை மூன்றாம் நிலைக் குரோமியம் எனலாம். இது பச்சையும் நீலமும் கலந்த நிறமுடையது. உயிரணுக்களுக்குள் எளிதில் புகாதது. ஒப்புநோக்கத் தீமை குறைந்தது. ஆறு எலெக்ட்ரான்களை இழந்த ஆறாம் நிலைக் குரோமியமோ ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட்டாகி, மஞ்சள் நிறத்தோடு நீரில் தாராளமாகக் கரைந்து ஓடும். உருவத்தில் சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்குத் திறக்கும் வாயில் வழியாகவே உயிரணுவுக்குள் நுழைந்து மரபுப்பொருளைத் தாக்கும். இது புற்றுநோய்க் காரணி என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. ராணிப்பேட்டையில் இவ்விரண்டும் ஒரே ஊரில் எதிரெதிரே நிற்கின்றன. டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், நீரில் இருப்பது பெரும்பாலும் மூன்றாம் நிலை. அங்கே முன்பு குரோமேட் உப்புகளைத் தயாரித்து, பிறகு மூடப்பட்டுவிட்ட ஓர் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் விட்டுச்சென்ற கழிவுக் குவியலிலிருந்து மழைக்கு மழை கசிந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்குவது ஆறாம் நிலை. மொத்தக் குரோமியத்துக்கு 2 மில்லிகிராம் என்று அனுமதித்த சட்டம், ஆறாம் நிலைக்கு மட்டும் 0.1 மில்லிகிராம் என்று இருபது மடங்கு கடுமையான வரம்பை வைத்திருப்பது இக்காரணம் பற்றியே.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பாலாற்றுப் பிரதேசத்தின் டேனரிகளை முன்னிட்டு எழுந்ததாயினும், இந்தியா முழுமைக்கும் இரண்டு கொள்கைகளை நிலைநாட்டிற்று. தீங்கு நேருமுன் தடுக்கவேண்டும் என்பது ஒன்று. மாசுபடுத்தியவனே அதன் செலவை ஏற்கவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் மகத்தான கொள்கைகள். ஆனால் தீங்கு நேருமுன் தடுக்கவேண்டுமாயின் அது நேரப்போவது தெரிந்தாக வேண்டும். மாசுபடுத்தியவன் செலவை ஏற்கவேண்டுமாயின் மாசுபடுத்தியவன் இன்னான் என்பது நிரூபணமாக வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை அளவு. அளவு இல்லாத இடத்தில் தீர்ப்பு ஏட்டிலேயே தங்கிவிடுகிறது.

அளப்பதற்கு விஞ்ஞானத்தில் வழி இல்லாமலில்லை. ஆஸ்திரேலிய பௌதிக அறிஞர் ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்ட அணு உட்கவர் நிறமாலை முறை, எந்த உலோகத்தையும் சுடரில் ஆவியாக்கி, அந்த உலோகத்துக்கே உரிய ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து அளவு சொல்லிவிடும். அதற்குப் பின் வந்த கருவிகள் இன்னும் நுட்பமானவை. இவையே இன்றும் பரிசோதனைக்கூடங்களின் இறுதி அதிகாரம். ஆயினும் இவற்றுக்கு விலை அதிகம். தேர்ந்த ஆட்கள் வேண்டும். வாயு உருளைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரி நீர் இவற்றைத் தேடி வரவேண்டும். மாதத்துக்கொரு முறை பகல் வேளையில் ஒருவர் வந்து ஒரு குப்பியில் நீர் முகந்து சென்று, சில நாள் கழித்து முடிவு வருமானால், அந்த முடிவு அந்தக் குப்பிக்கு மட்டுமே உண்மை. நேற்றிரவு திறந்துவிடப்பட்ட மதகைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதுவுமன்றி, மாதிரி எடுத்த குப்பியிலேயே ரசாயன மாற்றம் நின்றுவிடுவதில்லை. நீரின் காரத்தன்மையைச் சரியாக அமைத்துக் குளிரில் வைக்காவிட்டால், அதிலுள்ள ஆறாம் நிலைக் குரோமியம் உடனிருக்கும் அங்ககப் பொருள்களோடு வினைபுரிந்து மூன்றாம் நிலையாக மாறிவிடும். பரிசோதனைக்கூடத்தை அடையும்போது, தேடவந்த குற்றவாளியே வழியில் வேடம் மாறியிருப்பான்.

ஆகவே நீர் கருவியைத் தேடிச் செல்லாமல், கருவி நீரைத் தேடி வரவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. அந்த எண்ணத்தின் விளைவுதான் ரசாயன உணரி. சென்சார் என்று வழக்கில் சொல்லுகிறோம். எந்த உணரியிலும் இரண்டு அங்கங்கள் உண்டு. ஒன்று, பல பொருள்கள் கலந்த நீரில் தனக்கு வேண்டிய அயனியை மட்டும் அடையாளம் கண்டு பற்றுவது. மற்றொன்று, அப்படிப் பற்றியதை நிறமாகவோ ஒளியாகவோ மின்னழுத்தமாகவோ மின்னோட்டமாகவோ மாற்றி நமக்கு அறிவிப்பது. முதல் அங்கத்தின் திறமை தேர்ந்தறிதல். இரண்டாவதன் திறமை நுண்ணுணர்வு. கழிவுநீரைப் பொறுத்தவரை நுண்ணுணர்வைப் பெறுவது எளிது, தேர்ந்தறிதலைப் பெறுவதே கடினம்.

நிறத்தால் அறியும் முறை எல்லாவற்றிலும் பழையது, இன்றும் உயிரோடிருப்பது. ஆறாம் நிலைக் குரோமியத்துக்கான சோதனையை அருகிலிருந்து பார்ப்போம். வடிகட்டிய மாதிரியைச் சிறு குழாயில் எடுத்து, அமிலம் சேர்த்து, அசிட்டோனில் கரைத்த டைபீனைல்கார்பஜைடு என்னும் பொருளைச் சில துளிகள் விடுகிறார்கள். முதலில் ஒன்றும் தெரிவதில்லை. ஐந்து பத்து நிமிஷங்களில் நீர் மெல்லச் சிவந்து, நாவற்பழச் சாயலான ஊதாவாகக் கனிகிறது. 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை அதன் வழியே செலுத்தி, எவ்வளவு ஒளி மறுபக்கம் வந்து சேர்கிறது என்று பார்த்தால் அளவு கிடைத்துவிடும். மூன்றாம் நிலைக் குரோமியம் எவ்வளவு இருந்தாலும் இந்த நிறம் வராது. இந்தப் பொருளின் தேர்ந்தறியும் திறம் அத்தகையது. இதையே ஒரு சிறு பம்பும், நிற ஒளி தரும் விளக்கும், ஒளி உணரியும் கொண்ட பெட்டிக்குள் அமைத்து, மணிக்கு ஒரு முறை தானே நீர் எடுத்துச் சோதிக்கும்படி செய்துவிட்டார்கள். ஆனால் இதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. டேனரி நீரில் தோலின் மயிரை நீக்கப் போட்ட சல்பைடு மிச்சமிருந்தால், அமிலம் சேர்த்த கணத்திலேயே அது ஆறாம் நிலையை மூன்றாம் நிலையாக்கிவிடும். நஞ்சு இருந்தும் நிறம் வராது. கருவி பொய் சொல்லவில்லை. நீரின் இயல்பை அறியாதவர் அதைத் தவறாகப் படிக்கிறார்.

இரண்டாவது வழி மின்முனை. மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று மாக்ஸ் கிரெமர் 1906இல் கண்டார். பிரிட்ஸ் ஹேபரும் கிளெமென்சீவிச்சும் 1909இல் அதை அளவுக் கருவியாக்கினார்கள். நீரின் அமிலத்தன்மையை அளக்க இன்று எல்லாச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் தொங்கும் மின்முனைக்கு மூலம் அதுவே. கண்ணாடிக்குப் பதிலாக ஈய சல்பைடும் வெள்ளி சல்பைடும் சேர்ந்த படிகத்தை வைத்தால் ஈய அயனிக்கு மின்முனை கிடைக்கிறது; காட்மிய சல்பைடை வைத்தால் காட்மியத்துக்கு; தாமிர சல்பைடை வைத்தால் தாமிரத்துக்கு. நெர்ன்ஸ்ட் வகுத்த விதிப்படி, 25 டிகிரி வெப்பத்தில், இரட்டை மின்னூட்டமுள்ள அயனியின் செறிவு பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிவோல்ட்தான் மாறும். எளிமையே இதன் அழகு. அதுவே இதன் ஆபத்தும்கூட. ஒரே ஒரு மில்லிவோல்ட் பிசகினால் விடையில் நூற்றுக்கு எட்டு பங்கு தவறு வந்துவிடும். பாதரசமும் வெள்ளியும் நீரில் இருந்தால் அவை படிகத்தின் மேற்பரப்பையே பற்றிக்கொண்டு அதைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது வழி, என் எண்ணத்தில் இவற்றுள் மிக அழகானது. பிராகா நகரில் 1922இல் யாரோஸ்லாவ் ஹைரோவ்ஸ்கி, துளித்துளியாக விழும் பாதரசத்தை மின்முனையாகக் கொண்டு, கரைசலில் உள்ள ஒவ்வோர் உலோகமும் தனக்கென்று உள்ள மின்னழுத்தத்தில் எலெக்ட்ரான்களை ஏற்பதைக் கண்டு, போலரோகிராபி என்ற துறையைத் தோற்றுவித்தார். 1959இல் நோபெல் பரிசும் பெற்றார். அதன் வழிவந்த முறையில், மின்முனையை எதிர்மின்னழுத்தத்தில் சில நிமிஷங்கள் வைத்து, நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால், நீரெங்கும் சிதறிக் கிடந்த உலோக அயனிகள் ஒவ்வொன்றாக வந்து அதன்மேல் உலோகமாகப் படிகின்றன. பிறகு மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும்போது, முதலில் துத்தநாகம், அடுத்துக் காட்மியம், பின்பு ஈயம், கடைசியில் தாமிரம் என்று ஒழுங்கு தவறாமல் மறுபடி கரைந்து நீருக்குத் திரும்புகின்றன. ஒவ்வொன்றும் விடைபெறும் கணத்தில் திரையில் ஒரு முகடு எழுகிறது. எங்கே எழுந்தது என்பது உலோகத்தின் பெயரையும், எவ்வளவு உயரம் என்பது அதன் அளவையும் சொல்லுகிறது. சேர்த்துவைத்து அளப்பதால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கும் பிடிபடுகிறது. நஞ்சை அளக்க நஞ்சான பாதரசத்தையே பயன்படுத்தும் தர்மசங்கடம் நெடுங்காலம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஜோசப் வாங்கும் அவருடைய சகாக்களும் பிஸ்மத் படலம் அதே வேலையைச் செய்யும் என்று காட்டியதும், அச்சிட்ட சிறு அட்டை போன்ற மின்முனைகளைக் கையில் எடுத்துச் சென்று, ஆற்றங்கரையிலேயே அளக்கும் வழி திறந்தது.

நான்காவது வழி மூலக்கூறுகளையே சிற்பம்போல் செதுக்குவது. சார்ல்ஸ் பெடர்சன் 1967இல் அறிவித்த மகுட ஈதர்கள், தம் நடுவே உள்ள பள்ளத்தின் அளவுக்குப் பொருந்தும் அயனியை மட்டும் அமர்த்திக்கொள்பவை. அந்த வழியில் உழைத்த மூவருக்கு 1987இல் நோபெல் பரிசு கிடைத்தது. அத்தகைய பிடியோடு ஒளிரும் சாயத்தை இணைத்தால், அயனி வந்து அமர்ந்ததும் மூலக்கூறு ஒளி வீசத் தொடங்கும். ரோடமின் சாயத்தின் மூடிய வளையத்தைத் தாமிர அயனி திறந்து ஒளிரச் செய்வதை 1997இல் அமெரிக்காவில் காட்டினார்கள்; ஈய அயனி இருந்தால் மட்டும் தன்னை வெட்டிக்கொள்ளும் டி.என்.ஏ. இழைகளை இலினாய் பல்கலைக்கழகத்தில் யீ லூவின் குழு உணரியாக்கிற்று. இவற்றின் நுண்ணுணர்வு வியக்கத்தக்கது. ஆயினும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வெளிவரும் இத்தகைய உணரிகளில் மிகப் பல, சுத்தமான நீரில் ஓர் உப்பைக் கரைத்து வெற்றி கண்டவை. கழிவுநீரின் வாயிலில் அவை நிற்கவேண்டியிருக்கிறது.

அந்த வாயிலில்தான் உண்மையான பரீட்சை. டேனரி நீரில் தோலிலிருந்து கரைந்த புரதமும் கொழுப்பும் மின்முனையின் மேல் வழவழப்பான படலமாகப் படிந்து, சில மணி நேரத்திலேயே அதைக் குருடாக்கிவிடுகின்றன. சுண்ணாம்பு செதிலாக உறைகிறது. அங்ககப் பொருள்கள் உலோக அயனிகளைத் தழுவிக்கொண்டு மறைத்துவைக்கின்றன; மின்முனையோ தனித்துத் திரியும் அயனியை மட்டுமே காணும். மீனுக்குத் தாமிரம் தீங்கு செய்வது பெரும்பாலும் அந்தத் தனி அயனியால்தான் என்பதால், இது ஒரு வகையில் பயனுள்ள செய்தியே. ஆனால் சட்டம் கேட்பது கட்டுண்டதும் கட்டற்றதும் சேர்ந்த மொத்தத்தை. தழுவியதை விடுவிக்க மாதிரியை அமிலத்தில் காய்ச்சவேண்டும். அந்த வேலையையும் தானே செய்யும் கருவிகள் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றின் விலையும் பராமரிப்பும் கூடுதல். எனவே நேர்மையான அளவு வேண்டுமாயின் மின்முனையைக் காலந்தவறாமல் கழுவவேண்டும். தெரிந்த அளவுள்ள கரைசலைக் கொடுத்துச் சரிபார்க்கவேண்டும். சந்தேகம் வந்தால் அந்தக் கழிவுநீரிலேயே அளந்த உலோகத்தைச் சேர்த்து, சேர்த்த அளவு அப்படியே தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

இக்கஷ்டங்களைக் கண்டு இது கைகூடாத காரியம் என்று எண்ணிவிடக் கூடாது. குரோமிய முலாம் பூசும் பட்டறைகளின் சுத்திகரிப்புத் தொட்டிகளில் எளிய உணரிகள் பல ஆண்டுகளாக அருமையாகப் பணிசெய்கின்றன. அங்கே நீரை அமிலமாக்கிப் பைசல்பைட் சேர்த்து, ஆறாம் நிலையை மூன்றாம் நிலையாக மாற்றுகிறார்கள்; மாற்றம் முடிந்ததைப் பிளாட்டினம் மின்முனையின் மின்னழுத்தம் சரிந்து காட்டிக்கொடுக்கிறது. அடுத்த தொட்டியில் சுண்ணாம்பு சேர்த்து, கண்ணாடி மின்முனை பி.எச். அளவை 8க்கும் 9க்கும் இடையே காட்டும்படி நிறுத்தினால் குரோமியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு அடியில் தங்கும். இரண்டு மின்முனைகளும் குரோமியத்தை நேராக அளப்பதில்லை. ஆயினும் அது கரைந்திருக்க முடியாத நிலையை உறுதி செய்கின்றன. டேனரிகளிலும் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறைப்படி, எஞ்சிய நீரில் மக்னீசியம் ஆக்சைடு இட்டுக் குரோமியத்தைத் திரட்டி, அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம். சரியான அளவு தெரிந்தவருக்கு அக்கழிவு சரக்காகிறது.

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2014இல், அதிக மாசு விளைவிக்கும் 17 வகைத் தொழில்களும் தம் கழிவை இடைவிடாமல் அளக்கும் கருவிகளை அமைத்து, அளவுகளை நேரே வாரியத்துக்கு அனுப்பவேண்டும் என்று ஆணையிட்டது. திசை சரியானது. ஆனால் கருவி எங்கே நிற்கிறது என்பது கருவியைவிட முக்கியம். நூறு டேனரிகளின் நீர் ஒன்றாகக் கலந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தபின் அளந்தால், ஒருவர் செய்த குற்றம் மற்றவர்களின் நீரில் கரைந்து மறைந்துவிடும். தம் குரோமியத்தைச் செலவு செய்து மீட்டவரும், மீட்காமல் விட்டவரும் ஒரே பழியைச் சுமப்பார்கள். ஒவ்வோர் ஆலையின் வாயிலிலும் உணரி இருக்குமானால், அது குற்றவாளியைக் காட்டுவதோடு, நேர்மையாகத் தொழில் செய்பவருக்குச் சாட்சியாகவும் நிற்கும். இந்த நியாயத்தை நம் தொழிலதிபர்கள் உணர்ந்தால், உணரியை விரோதியாகப் பார்க்கும் மனோபாவம் மாறும்.

மாற்றவேண்டியவை இன்னும் உண்டு. ஆலைக்குள் ஓடும் அளவுகள் அலுவலகக் கணிப்பொறியோடு நின்றுவிடாமல், அந்நீர் பாயும் வயலுக்குச் சொந்தக்காரனும் படிக்கும்படி வெளியிடப்படவேண்டும். மின்முனையைக் கழுவிச் சரிபார்ப்பவருக்குத் தக்க பயிற்சியும், முடிவை மறைக்காமல் எழுத அவருக்குப் பாதுகாப்பும் வேண்டும். மொத்தக் குரோமியத்தோடு ஆறாம் நிலையையும் தனித்து அளக்கவேண்டும். ஏனெனில் மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடு மூன்றாம் நிலையை ஆறாம் நிலையாக மாற்றவும் வல்லது, இன்று சாதுவாக விடப்பட்டது நாளை அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. விஞ்ஞானிகள் நமக்கு உபகரணங்களைத் தந்துவிட்டார்கள். நீதிமன்றம் கொள்கையைத் தந்துவிட்டது. இவ்விரண்டையும் ஆலை வாயிலில் ஒன்றுசேர்த்து, அங்கே பதிவாகும் எண்ணுக்கு மதிப்பளிப்பது அரசாங்கத்தின் கடமை. அந்த எண்ணைக் கேட்டுப் பெறுவது அந்நீரைக் குடிக்கும் மக்களின் உரிமை.